பதினெட்டு வயது உடம்பு

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ஊரில் என்னைவிடக் கனமான ஆள் என் அப்பா ஒருவர்தான். அதிலும் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சந்தேகம் வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் எனக்குப் 'பத்தாயம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நெல் கொட்டிவைக்கும் மரப் பத்தாயம் எங்கள் கூடத்தில் உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பெயரில் குறை கண்டுபிடிக்க மாட்டார்கள். நானும் கண்டுபிடித்ததில்லை, அழுததோடு சரி.

இப்போதெல்லாம் குண்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், கண்டதையும் தின்கிறதுகள், ஓடியாடுவதில்லை என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். நானும் கண்டதைத் தின்றவன்தான், ஓடியாடாதவன்தான். ஆனால் யார் தின்ன வைத்தார்கள், எதற்காக ஓட விடவில்லை என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் ஒரே காரணம், பயம். ஆளுக்கு ஒரு பயம் வைத்திருந்தார்கள், எல்லாம் என் உடம்பில் வந்து சேர்ந்தது.

முதல் பயம் அம்மாவுடையது. எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருந்தான். இருந்திருந்தால் என்னைவிட ஆறு வயது மூத்தவன். நோஞ்சானாகப் பிறந்து, ஊட்டியது எதுவும் உடம்பில் ஒட்டாமல், விலா எலும்பெல்லாம் துருத்திக்கொண்டு, மூன்று வயதில் அம்மாவின் பிறந்த வீட்டில் அவள் மடியிலேயே போய்விட்டான். நான் பிறந்ததும் அம்மா ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இந்தப் பிள்ளைக்கு எலும்பு தெரியக் கூடாது. காலையில் கட்டித் தயிர் ஊற்றிப் பிசைந்த பழைய சோறு. வெயில் ஏறுவதற்குள் நெய் மிதக்கும் பருப்புச் சோறு. மத்தியானச் சாப்பாடு தனி. சாயங்காலம் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, நடுவில் குழியாக்கி நல்லெண்ணெய். இதற்கிடையில் முறுக்கு, பொருள்விளங்கா உருண்டை, யாராவது தஞ்சாவூர் போய் வந்தால் அல்வா. வேண்டாம் என்று தலையை ஆட்டினால் அம்மாவின் முகம் வெளுத்துவிடும். "அவனும் இப்படித்தான் தலையை ஆட்டுனான்" என்பாள். செத்துப்போனவனைச் சொல்லி ஊட்டினால் எந்தப் பிள்ளை மறுக்கும்? நான் வாயைத் திறந்தேன்.

இரண்டாவது பயம் வீட்டுக்கு வெளியே இருந்தது. எங்களுடையது மிராசுக் குடும்பம். வெண்ணாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள், வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எங்களுடையது. கழக ஆட்சி வந்திருந்த சமயம். கூலி நெல்லைக் கூட்டி அளந்தால்தான் அறுவடைக்கு இறங்குவோம் என்று ஆட்கள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் மடைக்குப் பக்கத்தில் செங்கொடி முளைத்தது. பக்கத்து ஊரில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போலீஸ்காரர்கள் வந்து தங்கினார்கள். அன்றோடு அப்பா என் படிப்பை நிறுத்தினார். ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. வாசற்கதவுக்குக் குறுக்கே ஒரு கட்டை போட்டார்கள். கூடம், தாழ்வாரம், கொல்லை, அதோடு என் உலகம் முடிந்தது. அடைத்துவைத்த பிள்ளை என்ன செய்யும்? அடுப்படியில் என்ன இருக்கிறதென்று போய்ப் பார்க்கும்.

எங்களைக் கண்டு அந்த ஆட்களுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் விலா எலும்பு தெரிந்தது. அதைப் பார்த்து அம்மா பயந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

உடம்பு முதலில் கழுத்தில் சொல்லிக் காட்டியது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அழுக்கு என்று நினைத்து அம்மா பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. பீர்க்கங்கூட்டை வைத்துத் தோல் உரியும் அளவுக்குத் தேய்த்தாள், எரிச்சல்தான் மிச்சம். பிறகு முழங்கால் வலித்தது. கொல்லைக்குப் போய் வருவதற்குள் மூச்சு இரைத்தது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் தாழ்வாரமே அதிரக் குறட்டை விடுவேனாம், நடுவில் குறட்டை நின்றுவிடுமாம். குறட்டை மட்டும் இல்லை, மூச்சும் சேர்ந்து. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது மறுபடி எழும்பும்வரை விசிறி அப்படியே நிற்கும். எனக்கு இதெல்லாம் தெரியாது. யாரோ தலையைப் பிடித்துக் குளத்துக்குள் அமுக்கிய மாதிரி திடுக்கிட்டு எழுந்திருப்பேன், எதிரே அம்மாவின் கண்கள் இருக்கும். அந்தக் கண்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

பிறகு தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தேன், அதே வேகத்தில் கொல்லைக்கு ஓடினேன். நான் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை ஒருநாள் அம்மா பார்த்துவிட்டாள். அவளுடைய சித்தப்பா ஒருவர் சர்க்கரை வியாதியில் கால் போய் இறந்தவர். அவர் வீட்டிலும் இந்த எறும்பை அவள் பார்த்திருக்கிறாள். மறுநாளே அப்பாவிடம் அடம்பிடித்துக் காரை எடுக்கச் சொல்லி என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் வயதானவர், சிரிக்காதவர். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஊற்றி, நான் பிடித்துக் கொடுத்ததில் சில சொட்டு விட்டு, தீயில் காட்டினார். "நீலம் மாறாம இருந்தா நல்லது" என்றார். நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அவர் குழாயை வைத்துவிட்டுப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து என் கழுத்தைத் துடைத்து அம்மாவிடம் காட்டினார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"இது அழுக்கில்லம்மா. உடம்பு அளவுக்கு மீறிப் பெருத்தா தோல்ல இப்படித் தெரியும். தூங்கறப்ப மூச்சு நிக்குதா?"

அம்மா தலையாட்டினாள்.

"ஒருநாள் நின்னது நின்னதா இருந்துடும். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் கூடாது. சோத்தைப் பாதியாக் குறைங்க. காலையிலயும் சாயந்தரமும் நடக்கணும். வயல் வச்சிருக்கீங்கள்ல, வரப்புல நடக்க விடுங்க. அதுலயே கேக்குதான்னு பாப்போம். கேக்கலேன்னா தினம் ஊசிதான்."

"சோத்தைக் குறைச்சா புள்ள தாங்குவானா டாக்டர்?"

"குறைக்காட்டித்தாம்மா தாங்க மாட்டான்."

திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். நின்னது நின்னதா இருந்துடும் என்ற வார்த்தை மட்டும் காரின் சத்தத்தோடு சேர்ந்து காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பா முழுவதையும் கேட்டார். முடிவில், "நல்ல டாக்டர்தான். அவர் சொன்னபடியே செய்யலாம். விசாரணை முடியட்டும்" என்றார்.

அந்த விசாரணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது பயம் அதுதான், அது அப்பாவுடையது. ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் உச்சவரம்பைச் சர்க்கார் குறைத்திருந்தது. அதற்கு மேல் இருப்பது உபரி, சர்க்கார் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்துவிடும். பதினெட்டு வயது நிரம்பிய மகன் இருந்தால் மட்டும் அவனுக்குத் தனியாக ஒரு பங்கு வைத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்ற வீடுகளில் அந்தக் காலத்தில் நடந்த தில்லுமுல்லுகளுக்கு அளவில்லை. கோயில் பேரில் எழுதினார்கள், வண்டிக்காரன் பேரில் எழுதினார்கள், நாய் பேரில் எழுதியதாகக்கூட ஊரில் கேலி உண்டு. அப்பாவுக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. அவரிடம் என் உடம்பு இருந்தது.

அண்ணன் பிறந்ததை ஊர்க் கணக்கில் எழுதியிருந்தார்கள். வேறு ஊரில் இறந்ததால் இறந்ததை யாரும் எழுதவில்லை. கணக்குப்படி அவன் உயிரோடு இருந்தான், அவனுக்குப் பதினெட்டு வயது. நான் அவனாகிவிட வேண்டியது. என்னைப் பார்க்கும் எந்த அதிகாரியும் பன்னிரண்டு என்று சொல்ல மாட்டான் என்று அப்பா கணக்குப் போட்டார். சந்தையில் மாட்டைச் சுற்றிவந்து பார்ப்பதுபோல் என்னைச் சுற்றிவந்து பார்த்தார். "இப்ப இளைச்சான்னா வயசு தெரிஞ்சுபோயிடும். ஒரு மாசம். அதுக்கப்புறம் வரப்புல நடக்கட்டும், ஓடட்டும், பறக்கட்டும்."

அரை டிரவுசரைக் கழற்றி வேட்டி கட்டிவிட்டார்கள். நாவிதர் வந்து முடியே இல்லாத என் மேலுதட்டைச் சிரைத்துவிட்டுப் போனார், சிரைத்தால் மீசை முளைக்குமாம். குரலை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இன்னும் கீச்சுக் குரல்தான். "தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிக்கலாம்" என்றார் அப்பா.

ஒரு மாதம் என்றது ஒரு மாதத்தில் முடியவில்லை. வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் வேட்டி கட்டிக் கிளம்பத் தயாராவேன், தள்ளிவைத்துவிட்டார்கள் என்று தகவல் வரும். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "வாடிட்டான் போலிருக்கே" என்று அல்வா வாங்கிவரச் சொல்லுவார். அம்மா நடுவில் மாட்டிக்கொண்டாள். அப்பா இல்லாத வேளையில் சோற்றைப் பாதியாக எடுத்துவைப்பாள். நான் சாப்பிட்டு முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாள், இன்னொரு கரண்டி போடுவாள். போட்டுவிட்டு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவாள். போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். என் வாழ்நாளில் அவ்வளவு பாவமான முகத்தை நான் பார்த்ததில்லை.

எனக்கென்று ஒரு பயம் மிச்சம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பிற்பகல் பத்தாயத்துக்குப் பின்னால் படுத்திருந்தேன். அப்பாவும், எங்கள் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மூத்தவர் விஷயம் சரியாப் போச்சுங்க. ஆனா சின்னவரு பேரு பள்ளிக்கூடத்துல இருக்குதே. அவரு எங்கன்னு கேட்டா?"

"காய்ச்சல்ல போயிட்டான்னு கணக்குல எழுதியாச்சு" என்றார் அப்பா. "அவகிட்ட சொல்லிக்காதீங்க. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவா."

ஊர்க் கணக்கில் நான் செத்திருந்தேன். எழுதியது பொய் என்று இன்றைக்குச் சொல்லலாம். பன்னிரண்டு வயதில் எனக்கு அது உத்தரவு மாதிரி இருந்தது. டாக்டர் மூச்சு நிற்கும் என்கிறார், கணக்கில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, இரண்டும் ஒத்துப்போகிறதே. தூக்கம் வந்தால் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று தோன்றியது. உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்து, அலறி எழுந்து, மறுபடி கிள்ளிக்கொள்வேன்.

கடைசியில் ஒருநாள் மாயவரத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அலுவலகம் மாடியில் இருந்தது. படி ஏறுவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நிமிந்து நில்லு" என்று அப்பா காதருகில் சொன்னார். அம்மாவை நடையில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தது.

அதிகாரி இளவயசுக்காரர், ஒல்லி. என்னை மேலும் கீழும் பார்த்தார். பெயரைக் கேட்டார். அண்ணன் பெயரைச் சொன்னேன்.

"வயசு?"

"பதினெட்டு."

என் குரலைக் கேட்டு மூலையில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நிமிர்ந்தார். "தொண்டை கட்டியிருக்குங்க" என்றார் அப்பா. அதிகாரி அம்மாவை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"இவர்தான் உங்க மூத்த மகனாம்மா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.

"இளையவர் எப்ப இறந்தார்?"

அம்மா நிமிர்ந்தாள். "யாரு?"

"உங்க சின்னப் பையன். காய்ச்சல்ல இறந்துட்டதா ஊர்க் கணக்குல இருக்கு. எப்ப, எப்படின்னு நீங்க சொல்லுங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "பொம்பளை, பயந்துபோயிருக்கா. நான் சொல்றேங்க" என்றார். "அவங்களே சொல்லட்டும்" என்றார் அதிகாரி. அப்பா அம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "ஆமான்னு சொல்லு. ஒரு வார்த்தை" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவேன் என்று சத்தியமாக நம்பினேன். கணக்கில் எழுதியது போதாது, பெற்றவள் வாயாலும் வந்துவிட்டால் பிறகு எனக்கு என்ன இருக்கிறது?

"அதை என் வாயால சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா.

"ஏய்" என்றார் அப்பா.

"சொல்ல மாட்டேங்க. ஒண்ணை வாரிக் குடுத்தாச்சு. எதிர்ல நிக்கிற புள்ளையையும் போயிட்டான்னு நான் சொல்லணுமா?" அதிகாரி பக்கம் திரும்பினாள். "செத்துப்போனது பெரியவன் சார். மூணு வயசுல போயிட்டான். இது சின்னது. பன்னண்டு வயசு. அதுக்கு உடம்பு சரியில்ல சார், தூங்கினா மூச்சு நின்னு போகுது. மெலியக் கூடாதுன்னு வச்சிருக்கோம்."

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு, "தம்பி, நீ உக்காரு" என்றார். நான் உட்கார்ந்தேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். சந்தோஷமா பயமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆற்றோரத்து வயல்கள், நல்ல வண்டல் நிலம், உபரியில் போயின. வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கே அது பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். தட்டைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லித் தனியாகச் சாப்பிட்டார். குடும்பத்தைக் கெடுத்தவள் என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா என் சோற்றைப் பாதியாக்கினாள், அந்த இன்னொரு கரண்டியைக் கையில் எடுத்தாலும் திரும்பச் சட்டியிலேயே போட்டாள்.

நிலம் கைமாறிய சில நாளில், ஒரு காலையில், வாசல் கட்டையை அவளே தூக்கி ஓரமாக வைத்தாள். "வா, நடக்கலாம்" என்றாள்.

காரில் ஏறிப் போய் வந்ததைத் தவிர நான் வெளியில் கால் வைத்தே வருஷக்கணக்காகியிருந்தது. அம்மாவும் வயலுக்குள் இறங்கி நடந்தவள் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் நடக்க மாட்டார்கள். அவள் முன்னால் போனாள், நான் பின்னால். நடவு நடந்துகொண்டிருந்தது. சென்ற மாதம்வரை எங்களுடையதாக இருந்த வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். பாட்டு நின்றுபோனது. இப்போது பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அம்மா பின்னால் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வரப்பில் எங்களுக்குக் குறுக்கே நாற்றுமுடிகள் கிடந்தன. நட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி சேற்றிலிருந்து எட்டி அவற்றை இழுத்து வழிவிட்டாள். நாங்கள் தாண்டிப் போனதும் பின்னால் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். தொடைகள் உரசி எரிந்தன, நெஞ்சு அடைத்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"முடியலம்மா. மூச்சு வாங்குது. திரும்பிடலாம்."

அம்மா பக்கத்தில் குந்தி என் நெஞ்சில் கையை வைத்தாள். அது எழும்பி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்திருக்கும். கண்ணில் அவ்வளவு பயம். இரைப்புக் கொஞ்சம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு எழுந்து நின்றாள்.

"நெலத்தை விட்டாச்சு" என்றாள். "உன்னை விட மாட்டேன். எந்திரி."

நான் கையை ஊன்றி எழுந்தேன்.